டெல்லி கணேஷைத் தமிழ் சினிமா ஐயர் வேடத்துக்குள் அடைத்துவிட்டதா?

மூன்றாம்வரிசை:
டெல்லி கணேஷ் 2024 நவம்பரில் எண்பது வயதில் காலமானபோது வந்த அஞ்சலிக் குறிப்புகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. சாந்தமானவர், நானூறு படங்களுக்கு மேல் நடித்தவர், கமல்ஹாசன் படங்களில் தவறாமல் தலைகாட்டியவர், ஐயர் வேடம் என்றால் அவர்தான். இந்தக் கடைசி வரிதான் எனக்கு எரிச்சலைக் கிளப்புகிறது.

1979-இல் துரை இயக்கிய 'பசி'யைப் பார்த்தவர்கள் இங்கே எத்தனை பேர்? ஷோபாவுக்கு தேசிய விருது வாங்கித் தந்த படம். அதில் ஷோபா நடித்த குப்பம்மாவின் அப்பா முனியாண்டி, சைக்கிள் ரிக்ஷாக்காரர். அதைச் செய்தவர் டெல்லி கணேஷ். தமிழக அரசு அவருக்குச் சிறப்புப் பரிசு கொடுத்தது. திரைக்கு வந்து இரண்டே ஆண்டுகள் ஆன ஒருவர் அப்படி ஒரு வேடத்தைச் செய்து காட்டிய பிறகு, தொழில் அவருக்கு என்ன கொடுத்தது? பூணூல், கரண்டி, கல்யாண வயதில் ஒரு பெண். எண்பதுகளின் குடும்பப் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: தோளில் துண்டோடு கூடத்தில் நின்று கையைப் பிசைவதற்கென்றே அவரை அழைத்திருக்கிறார்கள்.

ஒரு நல்ல நடிகரைச் சோம்பேறித்தனத்தால் வீணடித்தார்கள் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

சபாவாசி:
வந்துவிட்டேன். உங்கள் கோபம் நியாயமானது, குற்றவாளியைத்தான் மாற்றிப் பிடித்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

'ஐயர் வேடம்' என்று ஒரே மூட்டையாகக் கட்டுகிறீர்களே, அந்த மூட்டையை அவிழ்த்துப் பார்ப்போம். நான்கு படங்கள் போதும்.

'சிந்து பைரவி' (1985). மிருதங்க வித்துவான் குருமூர்த்தி. குடித்துவிட்டுக் கச்சேரிக்கு வருகிறார். பாடகர் ஜே.கே.பி. (சிவகுமார்) அவரை எழுப்பி அனுப்பிவிட்டு மிருதங்கமே இல்லாமல் பாடுகிறார். படம் முழுக்க சிவகுமாருடைய வீழ்ச்சியைப் பற்றியது என்பார்கள். ஆனால் அந்த வீழ்ச்சியை அளக்கும் கோல் குருமூர்த்தி. ஒழுக்கம் பேசி ஒருவரை மேடையிலிருந்து இறக்கியவரே பிறகு குடியில் மூழ்குகிறார் என்பது நமக்கு உறைக்க வேண்டுமானால், முதலில் இறக்கிவிடப்பட்டவரின் அவமானம் உண்மையாக இருந்திருக்க வேண்டும். டெல்லி கணேஷ் அந்த அவமானத்தைக் கூச்சல் இல்லாமல் செய்தார். தவறு தன் பக்கம் என்று தெரிந்த ஒருவன் எப்படி நிற்பானோ அப்படி நின்றார். கோபப்படக்கூட உரிமையில்லாத நிலை அது.

'நாயகன்' (1987). வேலுவுக்கு இந்தி தெரியாது, பம்பாயில் அவருக்கு வாயாக இருப்பவர் ஐயர். கடத்தல் பேரத்தை மொழிபெயர்க்கிறார், அதுவும் ஏதோ வங்கிப் பரிவர்த்தனை போன்ற முகத்தோடு. அந்த ஆள் எப்படிக் கூட்டத்தில் சேர்ந்தார், குடும்பம் எங்கே, எதுவும் படத்தில் இல்லை. பிறகு போலீஸ் அடியில் நொறுங்கிக் கட்டிலில் கிடக்கும் காட்சி வருகிறது. சில நிமிடம்தான். வேலு நாயக்கருக்காக மனிதர்கள் எதையும் தாங்குவார்கள் என்று படம் பாதி தூரம் சொல்லிக்கொண்டே வந்ததை, நாம் நம்புவது அந்த இடத்தில்.

'மைக்கேல் மதன காமராஜன்' (1990). பாலக்காட்டு மணி ஐயர். சாம்பாரில் மீன் விழுந்துவிட்டது என்ற செய்தி காதில் ஏறும்போது அந்த மனிதரின் முகத்தில் ஒரு பரம்பரையே சரிகிறது. சிரிப்பு வருவதற்குக் காரணம் அவர் சிரிக்க வைக்க முயலாததுதான். கிரேசி மோகன் வசனத்தில் எல்லாரும் ஓடுவார்கள். இவர் பாலக்காட்டு இழுவையை விடாமல், அந்த ஓட்டத்திலும் ஒரு சொல்லைத் தவறவிடாமல் கூடவே ஓடினார்.

'அவ்வை சண்முகி' (1996). சேதுராம ஐயர். முன்னே சொன்ன மூவரிடமும் இருந்த ஏதோ ஒரு நல்லதனம் இவரிடம் கிடையாது. பெரிய வீட்டில் ஒட்டிக்கொண்டு, முதலாளியிடம் குழைந்து, மற்றவர்களைக் கண்காணித்துக்கொண்டு திரியும் ஆள்.

கலைஞன், கடத்தல்காரனின் கூட்டாளி, அப்பாவிச் சமையற்காரர், கள்ளன். இந்த நால்வரையும் ஒரே அறையில் உட்கார வைத்தால் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளக்கூட மாட்டார்கள். சாதிப் பெயர் ஒன்றாக இருப்பதால் வேடமும் ஒன்று என்றால் அது நம் கண்ணின் கோளாறு.

நெல்லைச்சீமை:
சபாவாசி அண்ணாச்சி, அருமையாக எழுதினீர்கள். எங்கள் பக்கத்து மனிதர் என்பதையும் யாராவது சொல்லியாக வேண்டும். வல்லநாட்டில் 1944 ஆகஸ்ட் 1 அன்று பிறந்தவர். திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி போகும் வழியில் ஆற்றைத் தாண்டினால் வரும் ஊர், வெளிமான் சரணாலயம் இருக்கும் அதே வல்லநாடுதான். ஊரை விட்டுப் போனவர் பெயரில் தில்லி ஒட்டிக்கொண்டது! எங்கள் பேச்சை அவர் வாயால் திரையில் கேட்டது குறைவு என்ற குறை எனக்கு உண்டு. 'பாபநாசம்' படத்தில் அவரைப் பார்த்தபோது, இவரை அல்லவா எல்லாருக்கும் பேச்சு சொல்லிக்கொடுக்க உட்கார வைத்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

பழையரீல்:
தில்லி ஒட்டிய கதை: 1964 முதல் 1974 வரை இந்திய விமானப்படையில் வேலை. தில்லியில் தட்சிண பாரத நாடக சபாவில் நாடகம். பிறகு சென்னைக்கு வந்து காத்தாடி ராமமூர்த்தியின் குழுவில் நடிப்பு. விசு எழுதிய 'பட்டினப் பிரவேசம்' மேடை நாடகத்தை கே. பாலச்சந்தர் படமாக்கியபோது (1977) திரைக்கு வந்தார். 'டெல்லி'யைப் பெயருக்கு முன்னால் வைத்தவரும் பாலச்சந்தர்தான். அந்தப் படத்தில் ஜெய்கணேஷ் ஏற்கெனவே இருந்தார், ஊரில் ஜெமினி கணேசன் இருந்தார். முன்னொட்டு இல்லாமல் காலம் தள்ள முடியாது.

கரோல்பாக்:
தில்லித் தமிழன் என்ற முறையில் ஒரு சொல். அந்த நாள் தில்லியில் தமிழ் நாடகம் என்பது மத்திய அரசு அலுவலக குமாஸ்தாக்களும் வானொலிக்காரர்களும் படைவீரர்களும் சேர்ந்து நடத்தியது. தில்லித் தமிழ்ச் சங்கமும் சின்னச் சின்ன சபாக்களும்தான் களம். பார்வையாளர் கூட்டம் சிறியது, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், அதனால் மேடையில் பொய் சொல்ல முடியாது. அந்தக் களத்திலிருந்து வந்த இன்னொருவர் பூர்ணம் விசுவநாதன். அகில இந்திய வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்தவர், நாடு விடுதலை பெற்ற செய்தியைத் தமிழில் சொன்ன குரல். பிறகு சென்னையில் சுஜாதா நாடகங்களை மேடையேற்றினார். 'வருஷம் 16'-இன் தாத்தா, 'மகாநதி'யின் பஞ்சாபகேசன்.

இருவரையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். பூர்ணம் வந்தவுடன் காட்சி அவர் பக்கம் சாயும், அந்தப் படபடப்பான குரலே போதும். டெல்லி கணேஷ் வந்தால் காட்சி எதிரே இருப்பவர் பக்கம் சாயும். எதிரே இருப்பவர் அதிகம் தெளிவாகத் தெரிவார். எனக்கு இரண்டாவது கலை அரிதானதாகப் படுகிறது.

கலகக்காரி:
எல்லாரும் இனிமையாகப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள், கொஞ்சம் கசப்பையும் சேர்க்கிறேன், மன்னிக்கவும்.

சென்னை சபா நாடகம் யாருடையது? எழுபதுகளில் மயிலாப்பூர், தியாகராய நகர் சபாக்களில் மாலை ஏழு மணிக்கு நாடகம் போட்டவர்கள் வங்கியிலும் அலுவலகத்திலும் வேலை பார்த்த, பெரும்பாலும் பிராமணக் குடும்பத்து ஆண்கள். பார்த்தவர்களும் அவர்களே. பாலச்சந்தர், விசு, மௌலி என்று அந்த வட்டத்திலிருந்து சினிமாவுக்குள் ஒரு பாதை போட்டார்கள். டெல்லி கணேஷ் அந்தப் பாதையில் வந்தவர். அதே ஆண்டுகளில் மதுரையிலும் புதுக்கோட்டையிலும் நடிகர் சங்கம் வைத்துக்கொண்டு கோயில் கொடைக்குக் கொடை 'வள்ளி திருமணம்' நடித்த ஸ்பெஷல் நாடகக் கலைஞர்கள் இருந்தார்கள். விடிய விடிய, பாட்டும் வசனமும் எதிர்ப்பாட்டுமாக. அவர்களில் எத்தனை பேரை சென்னை இயக்குநர்கள் தேடிப் போனார்கள்?

அவர் திறமையை நான் மறுக்கவில்லை. ஆனால் 'வீணடிக்கப்பட்டவர்' பட்டியல் போட்டால் அவர் மிகக் கீழே வருவார். நானூறு படம் கிடைத்தவர் வீணடிக்கப்பட்டவர் என்றால், கொட்டகைக்குள்ளேயே முதுமை அடைந்தவர்களை என்னவென்று சொல்வது?

மூன்றாம்வரிசை:
படங்களின் எண்ணிக்கையும் வாய்ப்பும் ஒன்றல்ல தோழி. நானூறு முறை அழைத்தார்கள், எத்தனை முறை நடிக்க விட்டார்கள் என்பதே என் கேள்வி. மற்றபடி நீங்கள் சொன்ன கசப்பு முழுக்க உண்மை.

சபாவாசி:
கலகக்காரி அம்மா சொன்னதோடு எனக்குச் சண்டை இல்லை, ஆனால் வரலாற்றைக் கொஞ்சம் நீட்டிப் பார்க்க வேண்டும்.

தமிழ் சினிமாவின் குணச்சித்திர நடிகர்கள் முதலில் பாய்ஸ் கம்பெனிகளிலிருந்து வந்தார்கள். டி.எஸ். பாலையா, எம்.ஆர். ராதா, வி.கே. ராமசாமி என்று அந்தத் தலைமுறை முழுக்கச் சின்ன வயதிலேயே கம்பெனி வீட்டில் தங்கி, பாட்டும் வசனமும் அடியும் சாப்பிட்டு வளர்ந்தது. வி.கே.ஆர். 'நாம் இருவர்' (1947) படத்தில் கிழவராக வந்தபோது அவருக்கு வயது இருபத்தொன்று! அந்த உடம்புப் பயிற்சி அப்படிப்பட்டது. அறுபதுகளுக்குள் கம்பெனிகள் ஓய்ந்தன. அடுத்து வந்தது சபா. பாட்டு போயிற்று, உடம்பு போயிற்று, உட்கார்ந்து பேசும் நாடகம் வந்தது. ஒரே கூடம், ஒரு சோபா, ஒரு தொலைபேசி, மேலிருந்து தொங்கும் மைக். அந்த மைக்குக்குக் கீழே யார் நிற்கிறார்களோ அவர்கள் பேச்சுத்தான் கேட்கும். அலுவலகம் விட்டு வந்து ஒத்திகை பார்த்தவர்களுக்கு மிஞ்சியது நாக்கு ஒன்றுதான். மூன்றாவதாகக் கூத்துப்பட்டறை என்ற நவீன நாடகக் குழு, ந. முத்துசாமி தொடங்கியது. வேடிக்கை பாருங்கள், அதுவும் 1977, 'பட்டினப் பிரவேசம்' வந்த அதே ஆண்டு. பசுபதி, கலைராணி போன்றவர்கள் அங்கிருந்து வர இன்னும் காலம் ஆயிற்று.

டெல்லி கணேஷ் இந்த நடுப்பகுதியின் ஆள். சபா நடிகர்களில் பலர் திரைக்கு வந்தும் அந்த மைக்கை விட்டு நகரவே இல்லை. நின்ற இடத்தில் நின்று வசனத்தை எறிவார்கள், சிரிப்புக்கு இடம் விட்டுக் காத்திருப்பார்கள். இவர் அதை உதறினார். அதற்குப் 'பசி'யே சாட்சி. ரிக்ஷா மிதிக்கிறவனின் முதுகு அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு எப்படி வந்தது? நான் அறிந்தவரை பதில் விமானப்படையில் இருக்கிறது. பத்து ஆண்டுகள் சீருடையில் இருந்தவர், எல்லா மாநிலத்துக்காரர்களோடும் ஒரே கொட்டடியில் படுத்து எழுந்தவர். சபா ஆட்களுக்குக் கிடைக்காத ஊர்சுற்றல் அது.

பழையரீல்:
அவர் இறந்தபோது விமானப்படையினர் வீட்டுக்கு வந்து மரியாதை செலுத்தினார்கள். சினிமா உலகத்தில் பலருக்கு அன்றுதான் அந்தப் பத்து ஆண்டுகள் நினைவுக்கு வந்தன.

டப்பிங்காது:
யாரும் தொடாத ஒரு பக்கத்தைத் தொடுகிறேன். அவர் குரல்.

'47 நாட்கள்' (1981), சிவசங்கரியின் கதை, பாலச்சந்தர் படம். ஜெயப்பிரதாவைக் கல்யாணம் செய்து பிரான்சுக்குக் கூட்டிப்போகும் கணவன் சிரஞ்சீவி. அங்கே அவனுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி. மொழி தெரியாத ஊரில் சிக்கிய பெண்ணை அன்பாகவும் மிரட்டியும் அடக்கி வைக்கிறான். தமிழில் சிரஞ்சீவிக்குக் குரல் கொடுத்தவர் டெல்லி கணேஷ். தெரியாமல் பார்த்தால் நம்பமாட்டீர்கள். தெரிந்துகொண்டு பார்த்தால் முதுகு சில்லிடும். ஏனென்றால் அது மணி ஐயரின் அதே குரல்தான். குரலை மாற்றிக்கொள்ளவில்லை, அதிலிருந்த தயக்கத்தை மட்டும் எடுத்துவிட்டார். நாம் பணிவு என்று நினைத்தது முழுக்க அந்தத் தயக்கத்தில் இருந்திருக்கிறது.

இன்னொன்று கவனியுங்கள். அவர் எந்த வாக்கியத்தின் கடைசி அசையையும் விழுங்குவதில்லை. இன்றைய நடிகர்கள் இயல்பு என்ற பெயரில் வாக்கியத்தின் வாலை மென்று துப்பிவிடுகிறார்கள். 'இருக்கிறது' என்பதில் 'கிறது' காணாமல் போய்விடும். மேடைக்காரருக்குக் கடைசி வரிசைக்கும் போய்ச் சேர வேண்டும் என்ற கவலை உண்டு. ஆனால் மேடைக்காரர்கள் அதைச் சத்தத்தால் செய்வார்கள், இவர் மூச்சால் செய்தார். ஒலி வேலையில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன், அவர் பேசிய காட்சிகளில் ஒலியளவைப் பெரிதாகத் திருத்த வேண்டியிருந்திருக்காது. கிசுகிசுப்பாகப் பேசினாலும் சொல் உடையாமல் இருக்கும்.

சின்னத்திரைக்கு அவர் சுலபமாகப் பொருந்தியதற்கும் இதுதான் காரணமாக இருக்கும். 'கஸ்தூரி', 'செல்லமே' ஓடிய நாட்களில் அடுக்களையில் இருந்துகொண்டே தொடர் 'கேட்ட' வீடுகள் எத்தனை! முகத்தைப் பார்க்காமலே யார் பேசுகிறார், எந்த மனநிலையில் பேசுகிறார் என்று தெரிந்தது.

கலகக்காரி:
இது எனக்குப் புதுச் செய்தி. இன்றிரவே '47 நாட்கள்' தேடுகிறேன்.

நெல்லைச்சீமை:
'அபூர்வ சகோதரர்கள்' படத்தை ஏன் யாரும் எடுக்கவில்லை? 1989. நாகேஷ், ஜெய்சங்கர், நாசர், டெல்லி கணேஷ் என்று நான்கு வில்லன்கள். பிரான்சிஸ் அன்பரசு. ஐயரும் இல்லை, அப்பாவும் இல்லை. கமல் அவருக்கு வில்லத்தனம் கொடுத்திருக்கிறார் என்பதை மூன்றாம்வரிசை ஐயா கணக்கில் சேர்க்க வேண்டும்.

மூன்றாம்வரிசை:
சேர்த்துக்கொள்கிறேன். ஆனால் அதுவும் என் கட்சிக்குத்தான் பலம். நாகேஷையும் ஜெய்சங்கரையும் இவரையும் வில்லன்களாக்கியதன் ருசியே பார்ப்பவர்கள் எதிர்பாராததைக் கொடுத்ததில் இருக்கிறது. சிரிக்க வைத்தவர், நாயகனாக நடித்தவர், சாதுவானவர் என்று மூன்று பேரையும் தலைகீழாக்கினார்கள். அதாவது 1989-க்குள் 'டெல்லி கணேஷ் என்றால் சாது' என்ற முத்திரை அவ்வளவு ஆழமாகக் குத்தப்பட்டிருந்தது. முத்திரை இல்லாவிட்டால் அந்த விளையாட்டே எடுபடாது.

நான்கு ஐயர்களைப் பிரித்துக் காட்டினாரே சபாவாசி, அதற்கும் இதே பதில். நான்கையும் வேறாக்கியது நடிகர். எழுதிக் கொடுத்தவர்கள் கையில் இருந்ததும் தயாரிப்பு நிர்வாகி தொலைபேசியில் சொன்னதும் ஒரே வார்த்தைதான். 1997-இல் 'ஆஹா'வில் மறுபடி சமையற்காரர். நன்றாகச் செய்தார், யார் இல்லை என்றது? ஒரே வாசல் வழியாக முப்பது ஆண்டு நுழையச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி நுழைந்தார் என்று நடிகரைப் பாராட்டுவது, வாசல் வைத்தவர்களைத் தப்பவிடும் வேலை.

சபாவாசி:
இந்த இடத்தில் பாதிக்கு இறங்கி வருகிறேன், மீதிப் பாதிக்கு வரமாட்டேன்.

குணச்சித்திர நடிகருக்கு முத்திரை விழுவது தொழிலின் ஏற்பாடு. நாயகன் அறிமுகத்துக்கு இருபது நிமிடம் ஒதுக்கும் படத்தில் அப்பாவுக்கு இரண்டு நிமிடம்தான். அதற்குள் பார்ப்பவருக்கு இவர் யார் என்று தெரிந்தாக வேண்டும். எழுதுகிறவர் அந்த வேலையை நடிகரின் முகத்திடம் விட்டுவிடுகிறார். எஸ்.வி. சுப்பையா வந்தால் கஷ்டம், வி.கே.ஆர். வந்தால் கஞ்சத்தனம், டெல்லி கணேஷ் வந்தால் நடுத்தர வர்க்கம். சம்பளம் நாள் கணக்கில், கதையை முழுதாகக் கேட்கும் வசதி கிடையாது. பல படங்களில் இரண்டு நாள் வேலை, மூன்றாம் நாள் வேறு படம். இந்த ஏற்பாட்டுக்குள் 'பசி' போன்ற ஒன்றை ஆண்டுதோறும் எதிர்பார்க்க முடியாது. 'பசி'யையே இரண்டாம் முறை யாரும் எடுக்கவில்லையே! துரைக்குக் கிடைத்ததா அப்படி அடுத்த படம்? ஷோபா 1980 மே மாதம் போய்விட்டார். அந்த வகைப் படமே மெல்ல நின்றுபோனது. முனியாண்டிகளை எழுதுவதை நிறுத்தியவர்கள் நடிகர் தேர்வாளர்கள் அல்லர், கதாசிரியர்களும் முதல் போட்டவர்களும்.

கரோல்பாக்:
நியாயம். கூடவே ஒன்று: பெரிய இயக்குநர்கள் அழைக்காத காலத்தில் அவர் வீட்டில் முகம் தூக்கி உட்காரவில்லை. கல்லூரிப் பையன்கள் எடுத்த குறும்படங்களில் நடித்தார். அந்தக் குறும்படங்கள் சிலவற்றில் நாற்பது நொடிக்கு மேல் கேமரா அவர் முகத்தில் நிற்கும். பெரிய படங்களில் அந்தச் சலுகை அவருக்கு எப்போதும் கிடைத்ததில்லை.

டப்பிங்காது:
அந்தக் குறும்படங்களில் ஒலிப்பதிவு படுமோசமாக இருக்கும். அப்போதும் அவர் மட்டும் கேட்பார்.

மூன்றாம்வரிசை:
சபாவாசி, கதாசிரியர்கள்தான் குற்றவாளிகள் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை, யாரோ ஒருவர் கூண்டில் ஏறினால் போதும். ஆனால் இழையை மூடுவதற்கு முன் ஒரு கேள்விக்கு யாராவது நேராகப் பதில் சொல்லுங்கள். 1979-க்குப் பின் நாற்பத்தைந்து ஆண்டுகள் நடித்தார். முனியாண்டி அளவுக்குத் தொடக்கம், நடு, முடிவு என்று முழுமையாக எழுதப்பட்ட ஒரு வேடம் இன்னொன்று உண்டா? காட்சியைச் சொல்லாதீர்கள், வேடத்தைச் சொல்லுங்கள். குருமூர்த்தியைத் தவிர எனக்கு ஒன்றும் அகப்படவில்லை, குருமூர்த்தியும் பாதிப் படத்தில் காணாமல் போகிறார்.